டிராவல் சாக்கர் கிளப்பும் ட்ரையவுட்டும்: அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்ததும் அமெரிக்கப் புறநகர்களின் கால்பந்துத் திடலோரங்களில் பெற்றோரின் பேச்சு ட்ரையவுட் என்னும் அணித் தேர்வின் பக்கம் திரும்பிவிடுகிறது. எந்தப் பயிற்சியாளர் விலகுகிறார், எந்த அணியில் இடம் காலியாகிறது என்னும் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவத் தொடங்குகின்றன. பள்ளி அணியையும் மாவட்டப் போட்டியையும் மட்டுமே அறிந்து தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த பெற்றோருக்கு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தேர்வு வைத்து, ஆண்டுக் கட்டணம் வாங்கி, வார இறுதிதோறும் வேறு ஊருக்கு அழைத்துச் செல்லும் இந்த ஏற்பாடு புரிபடச் சற்றுக் காலம் பிடிக்கிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் விடைகளும் கீழே உள்ளன. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம், கிளப்புக்குக் கிளப் மாறுவதால், தேதிகளையும் கட்டணத்தையும் அந்தந்தக் கிளப்பிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ரெக் லீக்குக்கும் டிராவல் அணிக்கும் என்ன வேறுபாடு?

ரெக் லீக் என்பது பொழுதுபோக்காக ஆடும் உள்ளூர் லீக்; அதில் பெயர் பதிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் உண்டு. 1964இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. (அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடிப்படைத் திட்டத்தில் அணிகள் இயன்றவரை சம பலத்துடன் பிரிக்கப்படுகின்றன; ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது ஆட வேண்டும் என்பது விதி. பயிற்சியாளர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களான பெற்றோரே.

டிராவல் அணியில் ட்ரையவுட் வழியாகவே பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் பயிற்சி, வார இறுதியில் பக்கத்து ஊர்களில் ஆட்டங்கள், பருவத்துக்குச் சில போட்டித்தொடர்கள், ஊதியம் பெறும் பயிற்சியாளர் என்பது பொதுவான அமைப்பு. இவ்விரண்டுக்கும் இடையில், ஊர்ச் சங்கமே குறைந்த கட்டணத்தில் நடத்தும் டிராவல் அணிகள் பல மாநிலங்களில் உண்டு. பெரிய கிளப்புகளின் விளம்பர வெளிச்சத்தில் இவை கண்ணில் படாமல் போவது வருந்தத்தக்கது, ஏனெனில் பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய பெரும்பாலானவை அங்கேயே கிடைத்துவிடுகின்றன.

எந்த வயதில் டிராவலுக்கு மாறுவது நல்லது?

பல இடங்களில் யு9 (ஒன்பது வயதுக்கு உட்பட்டோர்) அல்லது யு10 பிரிவிலிருந்து டிராவல் அணிகள் தொடங்குகின்றன. சில கிளப்புகள் ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. அவசரம் தேவையில்லை என்பதே எம் கருத்து. ஐக்கிய அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் வரையறைப்படி, யு8 வரை நால்வருக்கு நால்வராகக் கோல்கீப்பர் இல்லாமலும், யு9, யு10 பிரிவுகளில் எழுவருக்கு எழுவராகவும், யு11, யு12 பிரிவுகளில் ஒன்பதின்மராகவும் ஆடுகிறார்கள். பதினொருவர் ஆடும் முழு ஆட்டம் யு13இல்தான் வருகிறது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் அடிப்பதற்கு 2015இல் அறிவிக்கப்பட்ட தடை இன்றும் நடப்பில் உள்ளது. முழு ஆட்டம் தொடங்கவே பன்னிரண்டு வயது ஆகிறது என்னும்போது, எட்டு வயதில் ஓர் அணியைத் தவறவிட்டதால் பின்தங்கிவிட்டோம் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிள்ளை பயிற்சி இல்லாத நாளிலும் தானாகப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறதா என்பதைப் பாருங்கள். போகிறது என்றால் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வயதுப் பிரிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது? 2026இல் அது மாறுகிறது என்கிறார்களே?

ஆம், மாறுகிறது. 2017 முதல் நாடு முழுவதும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பிறந்த ஆண்டே பிரிவைத் தீர்மானித்து வந்தது. யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய மூன்று அமைப்புகளும் 2026–27 பருவத்திலிருந்து ஆகஸ்ட் 1 முதல் மறு ஆண்டு ஜூலை 31 வரை என்னும் பழைய கணக்குக்குத் திரும்புவதாக அறிவித்துள்ளன. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒரே அணியில் ஆட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, 2015 செப்டம்பரில் பிறந்த ஒரு பிள்ளை இதுவரை அந்த ஆண்டு ஜனவரியில் பிறந்தவர்களோடு போட்டியிட்டு, அணியின் இளையவர்களில் ஒருவராக இருந்திருக்கும். புதிய கணக்கில் 2015 ஆகஸ்ட் முதல் 2016 ஜூலை வரை பிறந்தவர்களோடு சேர்வதால், அதே பிள்ளை அணியின் மூத்தவர்களில் ஒருவராகிவிடும். மாறாக, ஜனவரியில் பிறந்து இதுவரை உயரத்தாலும் வேகத்தாலும் முன்னின்ற பிள்ளை இனி நடுவில் வந்து நிற்கும். பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே தேர்வுகளில் அதிகம் இடம்பெறுகிறார்கள் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆகவே பயிற்சியாளர் திறமை என்று கண்டதில் ஒரு பங்கு சில மாத வயது மூப்பாகவும் இருக்கலாம். சென்ற ஆண்டின் முடிவை வைத்துப் பிள்ளையை எடைபோடுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது. சில மேல்நிலை லீக்குகள் தமக்கெனத் தனி விதி வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், ஈ.சி.என்.எல்., என்.பி.எல். என்னும் பெயர்களெல்லாம் எதைக் குறிக்கின்றன?

இவை கிளப்புகளின் பெயர்கள் அல்ல. கிளப்புகள் ஆடும் லீக்குகளின் பெயர்கள். கூட்டமைப்பு 2007 முதல் நடத்திவந்த டெவலப்மென்ட் அகாடமி என்னும் மேல்நிலை லீக் 2020 ஏப்ரலில் மூடப்பட்டபின், ஆண் பிள்ளைகளுக்கான எம்.எல்.எஸ். நெக்ஸ்டும் பெண் பிள்ளைகளுக்கான கேர்ல்ஸ் அகாடமியும் அதே ஆண்டில் உருவாயின. ஈ.சி.என்.எல். 2009இல் பெண்களுக்காகத் தொடங்கி, 2017இல் ஆண்களுக்கும் விரிந்தது. என்.பி.எல். என்பது யு.எஸ். கிளப் சாக்கரின் லீக் வரிசை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் இந்த எழுத்துகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு கிளப்பின் யு15 அணி பெரிய லீக்கில் ஆடுகிறது என்பதால், அதே கிளப்பின் யு10 மூன்றாம் அணிக்கு நல்ல பயிற்சியாளர் கிடைப்பார் என்று ஆகிவிடாது. சிற்றணிகளின் கட்டணத்தில்தான் மேலணிகளின் செலவு ஓடுகிறது என்று பெற்றோர் முணுமுணுப்பதில் சில கிளப்புகளைப் பொறுத்தவரை உண்மையும் உண்டு.

அப்படியானால் கிளப்பை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் பிள்ளையின் அணிக்கு வரும் ஆண்டில் பயிற்சியளிக்கப்போகிறவர் யார் என்பதே முதற்கேள்வி. கிளப்பின் பெயர், சட்டையில் உள்ள முத்திரை, கண்ணாடி அலமாரியில் உள்ள கோப்பைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ‘எங்கள் பயிற்சியாளர்கள் எல்லோரும் நல்லவர்கள்’ என்று விடை வந்தால், பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள் கொள்ளலாம். பெயர் தெரிந்தபின், அவர் நடத்தும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை, ட்ரையவுட் காலத்துக்கு முன்பே, அனுமதி கேட்டுக்கொண்டு முழுமையாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை எளியவை. பிள்ளைகள் பந்தோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? ஒருவன் பந்தைத் தவறவிடும்போது பயிற்சியாளர் என்ன சொல்கிறார்? அணியில் திறமை குறைந்த பிள்ளையின் பெயரை அந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை அழைக்கிறார்? பிறகு ஓர் ஆட்டத்தையும் பாருங்கள். கோட்டோரத்தில் நின்று ஒவ்வொரு உதைக்கும் கட்டளையிடுகிற பயிற்சியாளரிடம் வளரும் பிள்ளைகள், அவர் குரல் கேட்காத இடத்தில் முடிவெடுக்கத் திணறுவார்கள். யு10 பிரிவில் ஒரே பிள்ளை பருவம் முழுவதும் தடுப்பாட்டத்திலேயே நிறுத்தப்பட்டால், வெற்றிக்காக வளர்ச்சியை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கருத இடமுண்டு.

நேரில் கேட்க வேண்டியவையும் சில உள்ளன. அணியில் எத்தனை பேர் இருப்பார்கள்? எழுவர் ஆடும் பிரிவில் பத்து அல்லது பதினொருவர் இருந்தால் எல்லோரும் போதிய நேரம் ஆடலாம். பதினான்கு பேரைச் சேர்த்துவிட்டு ‘சுழற்சி முறை’ என்று சொன்னால் எச்சரிக்கை தேவை. ஆட்ட நேரம் பற்றிய கொள்கை எழுத்தில் உள்ளதா? சென்ற ஆண்டு இரண்டாம் அணியிலிருந்து முதல் அணிக்கு எத்தனை பேர் உயர்ந்தார்கள்? பயிற்சியாளரிடம் கூட்டமைப்பின் எந்த நிலை உரிமம் உள்ளது? அடிமட்டப் பாடங்களுக்கு மேல் டி, சி, பி, ஏ என்று உரிமங்கள் ஏறிச் செல்கின்றன; டி உரிமம் இருந்தால் அவர் ஓரளவு முறையாகக் கற்றவர் என்று கொள்ளலாம், ஆனால் உரிமம் குணத்துக்குச் சான்று ஆகாது.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சமே வேண்டாம். பயிற்சியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டுள்ளதா, சேஃப்ஸ்போர்ட் என்னும், துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பயிற்சியை முடித்திருக்கிறார்களா, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மற்றவர் பார்வைக்கு அப்பால் தனித்திருக்கக் கூடாது என்னும் விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்பவை எந்தக் கிளப்பும் உடனே விடை சொல்ல வேண்டிய கேள்விகள்.

கடைசியாக, தூரம். மாலை ஐந்தரை மணி நெரிசலில் நாற்பது நிமிடம் ஓட்டிச் செல்லும் திடல், வாரத்துக்கு மூன்று முறை என்று பத்து மாதம் தொடரும்போது, வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு, தம்பி தங்கையின் மாலைப் பொழுது எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. சற்றே சிறந்த தொலைதூரக் கிளப்பைவிட, பிள்ளை சைக்கிளில் போகக்கூடிய நல்ல கிளப்பே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

இணையதளத்தில் காணும் கட்டணம் முழுச் செலவு அல்ல. சீருடைத் தொகுப்பு, போட்டித்தொடர் நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணத்தில் பயிற்சியாளருக்கான செலவு, குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி, பெட்ரோல், ஓட்டல் அறை ஆகியவை தனித்தனியாக வரும். போட்டித்தொடர் நடத்துபவர்கள் குறிப்பிடும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் பல இடங்களில் உண்டு. ஊர் அணியில் சில நூறு டாலரில் முடிவது, பெரிய கிளப்பில் ஆயிரங்களைத் தொடும்; விமானப் பயணம் உள்ள லீக்கில் அது இன்னும் பெருகும். சென்ற ஆண்டு அதே அணியில் இருந்த ஒரு குடும்பத்திடம் பருவம் முழுவதற்கும் கையை விட்டுப் போனது எவ்வளவு என்று கேட்பதே நம்பகமான வழி. கட்டண உதவி பல கிளப்புகளில் உண்டு. ஆனால் விண்ணப்பித்தவருக்கே அது கிடைக்கும். பிள்ளை பாதியில் விலகினாலோ ஊர் மாறினாலோ மீதிக் கட்டணம் என்னவாகும் என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

ட்ரையவுட் நாளில் என்ன நடக்கும்?

இணையத்தில் முன்பதிவு செய்து வரும் பிள்ளைகளுக்கு எண்ணிட்ட மேலங்கி தருவார்கள். சற்று உடல் தளர்வுப் பயிற்சி, பந்துப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு, மூவர் நால்வராகப் பிரித்துச் சிறு ஆட்டங்கள் ஆடவிட்டு, பயிற்சியாளர்கள் குறிப்பெடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாள் இது நடக்கும். கோல்கீப்பர்களைத் தனியாகப் பார்ப்பது வழக்கம்.

பலர் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏற்கெனவே அணியில் உள்ள பிள்ளைகளைப் பயிற்சியாளர் ஓராண்டாகப் பார்த்திருக்கிறார். அவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்பது ட்ரையவுட்டுக்கு முன்பே பெருமளவு முடிவாகியிருக்கும். அறுபது பிள்ளைகள் திடலில் நின்றாலும் உண்மையில் காலியாக உள்ள இடங்கள் இரண்டோ மூன்றோ ஆக இருக்கலாம். ஆகவே இதை நுழைவுத் தேர்வாகக் கருதாமல், மிஞ்சிய இருக்கைகளுக்கு ஆள் பார்க்கும் நிகழ்வாகக் கருதினால் பல ஏமாற்றங்கள் குறையும். இதே காரணத்தால், மார்ச், ஏப்ரலிலேயே பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதி, எத்தனை இடங்கள் காலியாகும், பிள்ளை ஒரு நாள் அணியோடு பயிற்சி செய்ய வரலாமா என்று கேட்பது, ட்ரையவுட் நாளின் ஒன்றரை மணி நேரத்தைவிட அதிகப் பலன் தரும். வேறு கிளப்பில் பதிவான பிள்ளை என்றால், இதற்கு உங்கள் லீக்கின் விதி இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை எப்படித் தயார் செய்வது? பயிற்சியாளர்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

கடைசி இரண்டு வாரத்தில் தனிப்பயிற்சிக்குப் பணம் கொட்டுவதால் பெரிய மாற்றம் வராது. நல்ல தூக்கமும், சரியான அளவுள்ள ஷூவும், ஷின்கார்டும், தண்ணீரும், சரியான அளவுப் பந்தும் போதும்; யு9 முதல் யு12 வரை நான்காம் அளவு, யு13 முதல் ஐந்தாம் அளவு. அரை மணி நேரம் முன்னதாகச் சென்று பந்தோடு சற்று விளையாடினால் படபடப்பு அடங்கும்.

பந்து வருமுன் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பது, பறிகொடுத்த பந்தை மீட்க உடனே ஓடுவது, பெயர் தெரியாத பிள்ளையிடமும் பேசிப் பந்து கேட்பது ஆகியவை நல்ல பயிற்சியாளரின் கண்ணில் உடனே படும். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் திடலில் குரல் எழுப்பத் தயக்கம் இருப்பதைக் காண முடிகிறது. ‘எனக்குக் கொடு’ என்று உரக்கக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். பெற்றோர் தள்ளி நிற்க வேண்டும். வேலியோரம் நின்று தமிழில் சைகையோடு தரும் ஆலோசனையும் ஆலோசனைதான். பயிற்சியாளருக்கு மொழி புரியாவிட்டாலும் நடப்பது புரியும்.

இடம் தருவதாக மின்னஞ்சல் வந்துவிட்டது. ஒரே நாளில் பதில் கேட்கிறார்கள். என்ன செய்வது?

இருபத்துநான்கு அல்லது நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு வழக்கமானதே. முன்பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. இரண்டு கிளப்புகளில் முயன்றிருந்தால், எதற்கு முன்னுரிமை என்பதைப் பிள்ளையோடு பேசி ட்ரையவுட்டுக்கு முன்பே முடிவு செய்திருப்பது உதவும். மேலும் ஓரிரு நாள் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை, சிலர் தருவார்கள். ஒப்புக்கொண்டபின் வேறிடம் நல்லதாக வந்தது என்று விலகுவது, அந்த இடத்துக்காகக் காத்திருந்த மற்றொரு பிள்ளையையும் பாதிக்கும்.

முதல் அணியின் பெஞ்சா, இரண்டாம் அணியின் ஆட்டமா என்னும் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. பதின்மூன்று வயதுக்குக் கீழ் எம் விடை தயக்கமின்றி இரண்டாம் அணிதான், அங்கே அக்கறையுள்ள பயிற்சியாளர் இருக்கும்பட்சத்தில். வளர்ச்சிப் பருவத்தில் வரிசை ஆண்டுக்காண்டு கலைகிறது. ஆடாமல் கழிந்த நிமிடங்களை மட்டும் பின்னர் மீட்க முடியாது.

பிள்ளை தேர்வாகவில்லை. எப்படி எடுத்துச் சொல்வது?

செய்தியை அன்றே, சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். ‘எல்லாம் அரசியல்’ என்று ஆறுதல் சொன்னால், உழைத்தும் பயனில்லை என்பதையே பிள்ளை கற்றுக்கொள்கிறது. சில நாள் கழித்து, எதில் மேம்பட வேண்டும் என்று பயிற்சியாளரிடம் எழுதிக் கேட்கலாம். பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளை தானே எழுதினால் இன்னும் நல்லது. ஜூன், ஜூலையில் இடம் மிஞ்சிய கிளப்புகள் துணை ட்ரையவுட் நடத்துவதுண்டு. ஒரு பருவம் ரெக் லீக்கில் மிக அதிகமாகப் பந்தைத் தொட்டு, அணியின் முதன்மை ஆட்டக்காரராக ஆடுவதும் தாழ்வல்ல.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் கோடை விடுமுறை ஊர்ப் பயணமும் என்னாகும்?

இரண்டும் மோதும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. வார இறுதி ஆட்டங்களின் அட்டவணை பருவம் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்புதான் வரும். பல லீக்குகள் வயதுப் பிரிவுக்கேற்பச் சனி அல்லது ஞாயிறு என்று ஒரு நாளை வகுத்திருப்பதால், எந்த நாள் என்று சேரும் முன்பே கேட்கலாம். வகுப்புத் தவறும் வாரங்களை ஆசிரியரிடம் மொத்தமாகச் சொல்லி வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டால் பெரும்பாலான தமிழ்ப் பள்ளிகள் ஒத்துழைக்கின்றன. தீபாவளி பெரும்பாலும் இலையுதிர்ப் பருவத்தின் நடுவில் வருவதால், ஆகஸ்டிலேயே அந்த நாளை அணி மேலாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஊருக்குப் பறக்கும் குடும்பங்கள், ட்ரையவுட் தேதியைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு வாங்குவது உத்தமம். நாளைத் தவிர்க்க முடியாவிட்டால், முன்கூட்டியே தனியாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பலர் இசைவார்கள். ஆகஸ்டின் முன்பருவப் பயிற்சிக்குத் திரும்பிவிடுவது மட்டும் முக்கியம்.

ஆண்டு முழுவதும் கால்பந்து மட்டுமே ஆடினால்தான் முன்னேற முடியுமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு மாறாகவே சொல்கிறது. பதினைந்து, பதினாறு வயது வரை ஒரே விளையாட்டில் சுருங்காமல் இருப்பதும், வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் தம் முதன்மை விளையாட்டிலிருந்து ஓய்வெடுப்பதும் நல்லது என்பது அதன் பரிந்துரை. வேகமாக வளரும் வயதில் குதிகால், முழங்காலின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் தொடர்ந்து வலி இருந்தால், அதைச் சோம்பல் என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழங்கால் தசைநார் கிழிவு பெண் பிள்ளைகளுக்கு அதிகம் நேர்வதால், காயம் தவிர்க்க உதவும் ஃபிஃபா 11+ போன்ற தயார்ப்பயிற்சியை அணி செய்கிறதா என்று கேளுங்கள்.

கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்பது உண்மையா?

சிலருக்குக் கிடைக்கிறது, அதை நம்பி முதலீடு செய்வது தவறு. நெடுங்காலம், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஓர் ஆண்கள் அணி முழுவதற்கும் 9.9 முழு உதவித்தொகைகளும் பெண்கள் அணிக்கு 14ம் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அவற்றை இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025–26 முதல், ஆட்டக்காரர்களோடு வருவாயைப் பகிரும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்னும் வரம்பு வந்துள்ளது. வரம்பு நீங்கியது என்பதற்காக எல்லாக் கல்லூரிகளும் பணம் ஒதுக்கிவிடுவதில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்குப் பிறகே மாணவரோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம் என்பதால், பதினொரு வயதில் ‘கல்லூரிப் பாதை’ என்று விற்கப்படுவதற்குப் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

பருவத்தின் நடுவில் கிளப் மாறலாமா?

மாறலாம், ஆனால் எளிதன்று. பிள்ளையின் ஆட்டக்காரர் அடையாள அட்டை பழைய கிளப்பில் பதிவாகியிருப்பதால் அவர்கள் விடுவிக்க வேண்டும். நிலுவைக் கட்டணம் இருந்தால் பெரும்பாலும் விடுவிக்க மாட்டார்கள். மாற்றத்துக்கான கடைசித் தேதியும் லீக்குக்கு லீக் வேறுபடும். பயிற்சியாளர் பிள்ளையை அவமதிக்கிறார் அல்லது பாதுகாப்பு விதி மீறப்படுகிறது என்றால் ஒரு நாளும் காத்திருக்காமல் கிளப் இயக்குநரிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு விலகுங்கள். குறை ஆட்ட நேரம் பற்றியது மட்டும் என்றால், முதலில் பிள்ளையே பயிற்சியாளரிடம் பேசட்டும். பிறகு, ஆட்டம் முடிந்த சூட்டில் அல்லாமல் ஒரு நாள் கழித்து, நீங்கள் நேரம் கேட்டுப் பேசலாம். அப்படியும் மாற்றமில்லை என்றால், பருவத்தை முடித்துவிட்டு, அடுத்த மார்ச்சில் வேறு இரண்டு கிளப்புகளின் பயிற்சியைப் போய்ப் பாருங்கள்.